தொள்ளாயிரத்து அறுபத்தோராவது நட்சத்திரம்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மேசை இழுப்பறையில், பழைய பிஸ்கட் டின்னுக்குள், ஓர் ஒட்டுப்பால் உருண்டை கிடக்கிறது. ரப்பர் மரத்துக் கோப்பையின் அடியில் வழித்தாலும் வராமல் உறைந்து ஒட்டிக்கொள்ளும் பாலுக்கு ஒட்டுப்பால் என்று பெயர். நாற்பது வருடத்தில் கரியாய்க் கறுத்து, கல்லாய் இறுகி, யானைக் கண் அளவுக்கு —

என் மனைவி பாப்பா தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறாள். "பொய்யி. கட்டவெரலு நகம் அளவுதான்."

சரி. கட்டைவிரல் நகம் அளவு. அதன் ஒரு பக்கத்தில் வட்டமாக ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு பொத்தானின் அச்சு அது. இன்னொரு பக்கத்தில் இரண்டு சின்னக் கீறல்கள். அவை என்ன என்று பிறகு சொல்கிறேன்.

நான் ஓய்வுபெற்றவன். ஊதிப் பெரிதாக்கிப் பேசுவது ஒன்றுதான் எனக்கு மிச்சமிருக்கும் உல்லாசம். மருத்துவர் அதற்கு மட்டும் தடை போடவில்லை. கிந்தா ஆற்றில் நான் பிடித்த மீனின் நீளம் வருடத்துக்கு ஒரு அடி வளர்கிறது. ஆனால் இந்தக் கதைக்குப் பாப்பாவைக் காவலுக்கு உட்கார்த்தியிருக்கிறேன். வரிக்கு வரி அவள் பார்த்துச் சரி என்றால்தான் அடுத்த வரி. ஏனென்றால் பயமாக இருக்கிறது. பயம் வந்தால் நான் அதிகமாகச் சிரிக்கவைப்பேன். அதை நீங்கள் கவனித்துக்கொள்ள வேண்டும்.

2.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கில் ஈப்போவிலிருந்து பீடோர் வரை பூமி பிளக்கும்படி ஓர் இடி" — வேண்டாம். இடி பின்னால் வருகிறது. இப்போதே செலவழித்தால் அப்போது கையில் இருக்காது.

"நவமணி தெருவில் நடந்தால் போலீஸ் நிலையத்துக் கடிகாரமே நின்று" — இதுவும் வேண்டாம். நவமணி கண்ணாடி போட்டிருந்தாள், நகம் கடித்தாள், இருபத்தாறு வயது. அது போதும்.

"ஒரு பெட்டியைத் தட்டி எழுப்பினால் முதலில் கண்விழிப்பவன் யாராக இருக்க வேண்டும்?" — இது நிற்கட்டும். கதை முழுவதும் இந்த ஒரு கேள்விதான். இந்தக் கேள்விக்கு ஓர் உயிர் போயிருக்கலாம். போனதா என்று இப்போது கேட்காதீர்கள்.

ஈப்போவில், முகமது இப்ராஹிம் பாயின் சோற்றுக்கடைக்கு மேல்மாடியில் பத்துமலையின் பட்டறை இருந்தது. முன்பு வானொலிப்பெட்டி பழுதுபார்த்த மனிதர். கணினி வந்ததும், "அதுவும் பொட்டிதானே" என்று துணிந்து இறங்கிவிட்டார். தொழிற்சாலைகளுக்குச் சின்னச் சின்னக் கணினிகள் செய்து கொடுத்தோம். கீழே மீன்கறி கொதித்தால் மேலே பெட்டிகள் தும்மின. (பாப்பா இந்த வரியை அடித்தாள். நான் மறுபடி எழுதிவிட்டேன்.)

பெட்டியை எழுப்பி உட்காரவைக்கும் அடிப்படை நிரலை இன்று இயங்குதளம் என்கிறார்கள். பட்டறையில் அதற்கு ஓ.எஸ். அதை எழுதியவள் நவமணி. அதன்மேல் வாங்கியவர்கள் தங்களுக்கு வேண்டிய நிரல்களை எழுதிக்கொள்வார்கள். அவற்றை வரிவரியாக வாசித்து ஓட்ட ஒருவன் வேண்டும், அவனுக்கு ரன்டைம் என்று பெயர். நவமணி இரண்டு பேரைச் செய்து வைத்திருந்தாள்.

முதலாமவனுக்கு மைனர் என்று பட்டப்பெயர். சொன்னதை உடனே செய்வான், யார் வீட்டுக்குள்ளும் நுழைவான். பெட்டியின் நினைவகத்தில் எந்த எண்ணுள்ள இடத்தில் எழுதச் சொன்னாலும் எழுதிவிடுவான், அது அடுத்தவன் இடமா என்று பார்க்க மாட்டான்.

இரண்டாமவன் கங்காணி.* ஒவ்வொரு வரியையும் நிறுத்தி, "இது உன் இடம்தானா?" என்று கேட்பான். இல்லையென்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு 'பீப்' என்று கத்துவான். மெதுவானவன். எழுந்திருக்கவே நூற்றுப்பத்து விநாடி எடுப்பான். ரப்பர் தோட்டத்தில் விடியலில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அதுபோல நினைவகத்தின் ஒவ்வோர் இடத்தையும் பெயர் கூப்பிட்டுச் சரிபார்த்த பிறகுதான் வேலையை ஆரம்பிப்பான்.

பட்டறையில் கம்பிவேலை செய்ய சீனி என்று ஒருவனும் இருந்தான். அவன் கதைக்குத் தேவையில்லை. நீக்கிவிடுகிறேன்.

* தோட்டத்தில் கூலியாட்களை மேய்த்து ஆட்டிவைத்தவர் கங்காணி. பால்மரக் காட்டில் பிறந்தவர்களுக்கு இந்தப் பெயர் இனிக்காது என்று எனக்குத் தெரியும். பெயர் வைத்தது பத்துமலை.

3.

"மணி, சுவிச்சப் போட்டா பொட்டி டக்குனு எந்திரிக்கணும்லா. ஒன் கங்காணி எந்திரிக்கறதுக்குள்ள நான் கீழ போயி, தே தாரேக் குடிச்சி, பாயோட ஒரு சண்டையும் போட்டுட்டு வந்துருவேன்," என்றார் பத்துமலை.

"சண்டையச் சேத்தா நேரம் பத்தாதுண்ணே. நூத்திப்பத்து செகண்டுதான்."

"ஒங்கப்பன மழையில நிறுத்தி வச்சது ஒரு கங்காணி. இப்ப நீயே ஒருத்தனச் செஞ்சு வச்சிருக்க. இதுக்குப் பேரு பாதுகாப்பா?"

நவமணி நகத்தைக் கடித்தாள். அந்தக் குத்து அவளுக்கு வலித்தது.

"அந்தக் கங்காணிய யாரும் கேள்வி கேக்க முடியாது. இவன நான் கேப்பேன். இவனும் என்னயக் கேப்பான். ஆலையில வால்வத் தொறக்கவோ மூடவோ ஆளக் கேட்டுத்தான் செய்வான். தானா கைய வைக்கமாட்டான்."

"கேட்டுக்கிட்டே இருந்தா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரில கட்டில் போட்டுருவாங்கலா, ஒனக்கும் பொட்டிக்கும் சேத்து."

"அண்ணே," என்றாள் நவமணி, "பொட்டி போற ஆலையில எங்க அக்கா நிக்குது."

பத்துமலை சிரிப்பை நிறுத்தினார்.

முதல் பெட்டி போகவிருந்த இடம் பீடோருக்குப் பக்கத்தில், துண்டாடப்பட்ட ஒரு பழைய தோட்டத்தில் மிச்சமிருந்த ரப்பர் பால் ஆலை. பால் கெட்டுப்போகாமல் இருக்க அதில் அம்மோனியா வாயுவைக் கலப்பார்கள். எப்போது எவ்வளவு கலப்பது என்று பெட்டி பார்த்துக்கொள்ளும். பெட்டி சொன்னால் வால்வு திறக்கும், சொன்னால் மூடும். தொட்டிமேல் ஏணி வைத்து ஏறி, அளவுகோலை விட்டுப் பால் மட்டம் பார்ப்பவள் நவமணியின் அக்கா இருளாயி.

ஒருவன் யோசித்துத் தேர்ந்தெடுத்ததைப் பற்றி நவமணிக்குப் பயமில்லை. யாரும் எதையும் தேர்ந்தெடுக்காதபோது தானாக நடப்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. தோட்டத்தில் மழைக்காலத்தில் நாளுக்கு இரண்டு முறை மின்சாரம் போகும். திரும்பி வரும்போது பெட்டிக்குப் பக்கத்தில் ஆள் இருக்கமாட்டார்கள். அப்போது கண்விழிப்பவன் மைனரா, கங்காணியா? தான் பக்கத்தில் இல்லாத ஒவ்வொரு கணத்துக்கும் இன்றே பதில் சொல்லியாக வேண்டும் என்ற நினைப்பில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் ஒரு சமரசம். சும்மா சுவிட்சைப் போட்டால் கங்காணிதான் எழுவான். மைனர் வேண்டுமென்றால் பெட்டியின் பின்பக்கச் சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டே சுவிட்சைப் போட வேண்டும். ஸ்பிரிங் விறைப்பானது, கையை எடுத்தால் துள்ளிவிடும். அம்மோனியா வாடையில் நின்று யார் அதைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்? நவமணி அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். (ஐந்து என்று எழுதியிருந்தேன்.)

4.

பெட்டி போய் மூன்றாம் மாதம், ஒரு புதன்கிழமை மத்தியானம், நவமணி பேருந்தேறிப் பீடோருக்குப் போனாள். ஆலை வாசலில் இருளாயி சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கால் வரை காலணி, கழுத்தில் துண்டு.

"வாடி டாக்டரு. நோயாளியப் பாக்க வந்தியா?"

"பொட்டி எப்படிக்கா இருக்கு?"

"இப்ப நல்லா இருக்கு. மொதல்ல கொழந்த மாரி அழுதுச்சு. கரண்டு வந்தா பீப்பு, காலைல போட்டா பீப்பு. பொட்டி நின்னுபோயிரும், பாலு காத்துக்கிட்டு கெடக்கும். சூப்பர்வைசர் எம்மேலதான் வந்து விழுவான். நானா அத அழவச்சேன்?"

கங்காணி காரணமில்லாமல் கத்தமாட்டான். "இப்ப ஏன் அழுவுல?"

"வாயில ஒட்டுப்பால் வச்சிட்டேன்ல."

"எந்த வாயில?"

"பின்னால செவப்பா ஒன்னு இருக்குதே. அத அமுக்கிக்கிட்டு சுவிச்சப் போட்டா சத்தமே வராதுன்னு கணக்கெழுதுற கிராணி சொன்னாரு. தெனமும் யாரு புடிச்சுக்கிட்டு நிக்கறதுலா? அமுக்கி, மேல ஒட்டுப்பால அப்பி, சுத்தி இழுத்து ஒட்டிட்டேன். இனி ஒங்க மொதலாளி வந்து இழுத்தாலும் வராது." இருளாயி சிரித்தாள். "காசில்லாத பழுது, எப்படி?"

[இங்கே கொஞ்சம் நிற்கிறேன். இருளாயியை விவரமில்லாதவளாக எழுதினால் கதை சுலபமாகிவிடும். ஒரு வரைவில் அப்படித்தான் எழுதினேன், கிழித்துவிட்டேன். பால்காட்டில் ஓட்டைக் கெண்டி, கிழிந்த காலணி, குடைக்கம்பி, சைக்கிள் டயர், பொம்மையின் அறுந்த கை எல்லாவற்றுக்கும் மருந்து ஒட்டுப்பால்தான். நவமணியின் முதல் மூக்குக்கண்ணாடிக் காம்பை ஒட்டவைத்ததும் அதுதான். ஈப்போவில் மேசை போட்டு மாதக்கணக்கில் நாங்கள் யோசித்தோம். ஒட்டுப்பாலை யோசிக்கவில்லை. அந்த வாடையிலேயே வளர்ந்த நவமணிகூட யோசிக்கவில்லை.]

"அக்கா, அத எடுத்துரணும். இப்பவே."

"எடுத்துக்க. பல்லு வேணும் அதுக்கு. நான் மட்டம் பாக்கணும், மழ வரப்போகுது." ஏணியை நோக்கி நடந்தவள் திரும்பினாள். "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? பயந்தாங்கொள்ளி. அம்மோனியாக் காத்து தப்புனா கண்ணு எரியும், ஒன்னும் தெரியாது. அப்ப சொவத்தத் தடவிக்கிட்டே வெளிய வந்துரணும். எனக்கென்ன புதுசா?"

தொட்டிமேல் சுவர் கிடையாது. நவமணிக்கு அது அப்போதே தோன்றியது.

5.

நட்சத்திரம்.

கிராணி ஜெயபாலன் நல்ல மனிதர், கொஞ்சம் கலைஞர். பெட்டி விழித்ததும் திரையில் ஆலையின் பெயர் வரவேண்டும், சுற்றிலும் நட்சத்திர வேலி வேண்டும் என்று ஆசைப்பட்டு, அவரே ஒரு நிரல் எழுதி, பெட்டி எழுந்ததும் தானாக ஓடும்படி வைத்திருந்தார். திரையில் இருபத்து நான்கு வரி, வரிக்கு நாற்பது எழுத்து. ஆகத் தொள்ளாயிரத்து அறுபது இடங்கள். ஜெயபாலன் கடைசி வரியில் நாற்பத்தொரு நட்சத்திரம் போட்டுவிட்டார். ஒன்று கூட.

அந்தத் தொள்ளாயிரத்து அறுபத்தோராவது இடம் திரையைச் சேர்ந்ததில்லை. அது வால்வு. அங்கே பூஜ்யம் விழுந்தால் மூடும், வேறு எது வந்து விழுந்தாலும், எண்ணோ நட்சத்திரமோ, வால்வு திறக்கும்.

கங்காணி ஒவ்வொரு நாளும் அந்த நட்சத்திரத்தைக் கையைப் பிடித்து நிறுத்தினான். அதற்குத்தான் கத்தினான். வேலியோரத்தில் ஒரே இடத்தைப் பார்த்துக் குரைக்கும் நாயை அடித்து உள்ளே கட்டுவதுபோல, எல்லோரும் சேர்ந்து அவனை அடக்கிவிட்டார்கள். இரண்டு நாளுக்கு முன் இருளாயி ஒட்டுப்பால் வைத்தபோது பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, அப்போதிலிருந்து அன்று மத்தியானம்வரை ஒரு முறைகூட மின்சாரம் போகவில்லை. இரவு வேலையும் இருந்ததால் பெட்டியை அணைக்கவும் இல்லை. எனவே நட்சத்திரம் விழவில்லை.

திரையின் கடைசி இடத்துக்கு அடுத்தாற்போல வால்வைக் கட்டிய மடையன் யார் என்று கேட்காதீர்கள். கேட்கக்கூடிய நேரம் வரும்.

6.

இப்போது இடி.

பூமி பிளக்கவில்லை. சாதாரண இடி. அதுதான் பயங்கரம். நவமணி ஆலை அலுவலகத்துக்குள் நுழைந்து பெட்டிக்குப் பின்னால் குனியும்போது விளக்குகள் அணைந்தன. தகரக்கூரைமேல் மழை கொட்டியது. மூச்சுவிடும் நேரத்தில் மின்சாரம் திரும்பி வந்தது.

பெட்டி உடனே விழித்தது. நூற்றுப்பத்து விநாடி இல்லை, ஒரு நொடி. மைனர்.

திரையில் ஆலையின் பெயர் வந்தது. நட்சத்திரங்கள் மேல் வரியில் ஓடின, ஓரங்களில் இறங்கின, கடைசி வரியில் இடமிருந்து வலமாக நடந்து மூலையை எட்டின. பெட்டியின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது. வால்வு திறந்துவிட்டது.

"கிராணி அண்ணே! இதுல என்னா எழுதுனீங்க?"

"அழகுக்கு லா! நான் வேற ஒன்னையும் தொடல மணி!" ஜெயபாலன் பதறி எழுந்தார். சுவரோரம் பாய்ந்து மின்செருகியைப் பிடுங்கினார். திரை கறுத்தது. பச்சை விளக்கும் அணைந்தது. "நின்னுருச்சு," என்றார், நெஞ்சில் கைவைத்து.

நவமணி சன்னல் வழியாகப் பார்த்தாள். அலுவலகச் சுவரை ஒட்டி வாயுக்குழாய் ஓடியது. வெயிலில் காயும் நிலம் அது, பனியை யாரும் கண்டதில்லை. அந்தக் குழாயின்மேல் வெள்ளையாகப் பனி பூத்துக்கொண்டிருந்தது. வாயு வேகமாக ஓடினால் குழாய் அப்படிக் குளிர்ந்துபோகும். பெட்டி செத்துவிட்டது, வால்வு மூடவில்லை. மின்சாரம் போனால் அந்த வால்வு கடைசியாக எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும். நவமணி பெட்டியின் ஒவ்வொரு விழிப்புக்கும் பதில் யோசித்திருந்தாள். வால்வுக்கு யோசிக்கவில்லை.

நாற்பது எட்டுக்கு அப்பால், தொட்டியின்மேல், ஏணி உச்சியில் இருளாயி முதுகைக் காட்டி நின்றாள். "அக்கா!" மழை அந்தச் சத்தத்தைத் தின்றுவிட்டது. வால்வைக் கையால் மூடும் திருகி துருவேறி அசையாது என்று எல்லோருக்கும் தெரியும்.

நவமணி குனிந்து ஒட்டுப்பாலைக் கடித்து இழுத்தாள். அது நீண்டது, நீண்டது, பிய்ந்தது. பொத்தான் துள்ளி வெளியே வந்தது. மின்செருகியைச் செருகினாள்.

கங்காணி எழ ஆரம்பித்தான். ஒன்று. இரண்டு. மூன்று. பெரட்டு. நினைவகத்தின் ஒவ்வோர் இடத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். எழுந்து முடித்ததும், "வால்வு திறந்திருக்கிறது, மூடவா?" என்று கேட்பான். யாராவது 'ஆம்' என்று விசையைத் தட்ட வேண்டும். தட்டும்வரை காத்திருப்பான். ஆளைக் கேட்காமல் கையை வைக்கமாட்டான். அப்படித்தான் அவள் அவனை வளர்த்திருந்தாள்.

பத்து. பதினொன்று.

தொட்டிமேல் இருளாயி ஒரு கையால் முகத்தைப் பொத்தினாள். மறு கை காற்றில் சுவரைத் தேடியது.

7.

முடிவுகள்.

(அ) நவமணி பெட்டியின் முன் நிற்கிறாள். நூற்றுப்பத்து எண்ணுகிறாள். விசையைத் தட்டுகிறாள். வால்வு மூடுகிறது. திரும்பிப் பார்த்தால் ஏணியில் — இதை மூன்று முறை எழுதினேன். ஏணிக்கு அப்புறம் பேனா நகரவில்லை.

(ஆ) நவமணி ஓடுகிறாள். நாற்பது எட்டை நான்கு எட்டில் தாண்டி, அக்காவைத் தோளில் தூக்கி — பாப்பா: "நவமணி எடை நாப்பது கிலோ. இருளாயி அக்கா அறுவது." சரி. ஓடுகிறாள், வாயு கண்ணை அடைக்கிறது. இப்போது கண் தெரியாதவர்கள் இரண்டு பேர். பின்னால் பெட்டி, "மூடவா?" என்று காலியான அறையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

(இ) நவமணி ஜெயபாலனின் விரலைப் பிடித்து விசைமேல் வைக்கிறாள். "பொட்டி கேக்கும். ஆமான்னு தட்டுங்க. வேற எதையும் தொடாதீங்க." சொல்லிவிட்டு ஓடுகிறாள். ஒரு நட்சத்திரம் கூடுதலாகப் போட்ட விரல் அது. எண்ணிக்கை தெரியாத விரல். அந்த விரலிடம் அக்காவின் உயிரைக் கொடுத்துவிட்டுப் போக முடியுமா? இந்தக் கேள்விக்குறியை எழுதும்போது எனக்கே வியர்க்கிறது.

8.

"சீனிய ஏன் நீக்குனீங்க?" என்கிறாள் பாப்பா.

கங்காணி மாதிரியே கேட்கிறாள். பதில் வரும்வரை நகரமாட்டாள்.

சரி. நீக்கிய வரியைத் திரும்ப வைக்கிறேன். பட்டறையில் கம்பிவேலை செய்ய சீனி என்று ஒருவன் இருந்தான். திரைக்கு அடுத்த கம்பி சும்மா இருந்தது, கைக்கு எட்டியது, அதில் வால்வைக் கட்டினான். வால்வில் இரண்டு வகை இருந்தன. ஒன்றில் ஸ்பிரிங் உண்டு, மின்சாரம் போனால் தானாக மூடிக்கொள்ளும். மற்றது இருந்தபடியே நிற்கும். ஸ்பிரிங் வைத்ததைப் பொருத்த இரண்டு திருகாணி அதிகம். அன்று சனிக்கிழமை, கீழே பாய் கடையில் மீன்தலைக் கறி. சீனி மற்றதை எடுத்தான். மேசையைச் சுற்றி எல்லோரும் மைனரா கங்காணியா என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார்கள். சீனியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. சீனியும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சனிக்கிழமைக் கறியின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. சீனி நான்தான். நீங்கள் எப்போதோ கண்டுபிடித்திருப்பீர்கள்.

மூன்றாம் நாள் நவமணி பட்டறைக்கு வந்தாள். உட்காரவில்லை. ஒட்டுப்பால் துண்டை என் மேசைமேல் வைத்தாள். ஒரு பக்கம் பொத்தானின் பள்ளம், மறுபக்கம் அவளுடைய இரண்டு முன்பற்கள்.

"வால்வு ஏண்ணே மூடல?" என்றாள்.

நான் ஒரு வேடிக்கை சொன்னேன். என்ன வேடிக்கை என்று மட்டும் பாப்பாவுக்குக்கூடச் சொன்னதில்லை. நவமணி படியிறங்கிப் போனாள். அந்தப் படிக்கட்டில் அவள் மறுபடி ஏறவில்லை.

9.

இருளாயிக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். பாப்பாவுக்கும் தெரியும். எழுத உட்கார்ந்தால் என் கை என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியும்: நல்லதாக நடந்திருந்தால் அதை ஊதிப் பெரிதாக்கும், கெட்டதாக நடந்திருந்தால் அதற்குள் ஒரு சிரிப்பைத் திணிக்கும். மூன்றாம் நாள் செய்ததையே மறுபடி செய்யும். அதனால் இங்கே கையை எடுக்கிறேன்.

எழுபத்திரண்டாவது விநாடி என்று திரை காட்டுகிறது. குழாய் முழுக்க வெள்ளை. ஜெயபாலனின் விரல் விசைக்குமேல் அந்தரத்தில் நிற்கிறது. நவமணி வாசலில், ஒரு கால் மழையில், ஒரு கால் உள்ளே. இருளாயியின் கை இல்லாத சுவரைத் தடவிக்கொண்டிருக்கிறது. ஓட ஓர் ஆள் வேண்டும், நிற்க ஓர் ஆள் வேண்டும். இனி இவர்களை ஓட்டுவது நீங்கள்.

ஒன்றும் செய்யாமல் போகவும் உங்களுக்கு உரிமை உண்டு. புத்தகத்தை மூடிவிடலாம். ஆனால் ஒன்று, வால்வு மூடாது. நான் பொருத்தியது அந்த வகை.